ஜாதகத்தில் எழுதிய நம்பர்

எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த செல்போன் யாரும் பேசுவதற்காக வாங்கியதல்ல. என் ஜாதகத்தின் அடியில் எழுதுவதற்காக வாங்கியது.

அதற்கு முன்னால் அந்த இடத்தில் பக்கத்து மளிகைக் கடையின் போன் நம்பர் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் யாராவது கூப்பிட்டால், கடைக்கார அக்கா எங்களுக்கு ஆள் அனுப்புவதற்கு முன் தானே பத்து நிமிடம் பேசிவிடுவார். பெண் என்ன நிறம், இதுவரை எத்தனை பேர் பார்த்துவிட்டுப் போனார்கள், எல்லாம் அங்கேயே பைசல் ஆகிவிடும். இது தெரிந்த அன்று அப்பா சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அடுத்த மாதமே திருப்பூரிலிருந்து ஒரு பழைய போனையும் புது சிம்மையும் வாங்கி வந்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்த பலகையில் வைத்தார்.

அப்பாவுக்குப் பல்லடம் பக்கம் கோழிப்பண்ணையில் வேலை. அம்மா வீட்டில் உட்கார்ந்தபடியே பனியன்களுக்குப் பிசிறு வெட்டுவாள். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் பீஸ்களை மேசையில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எங்கே என்று பார்த்து, அங்கே ஓர் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். எங்கள் அவிநாசிபாளையத்தில் காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேன். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. ஆக எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் அந்தப் போனில் பேச வேண்டிய தேவை கிடையாது. அது பலகையில் சும்மா கிடந்தது.

ஆனால் அதன் நம்பர் சும்மா இருக்கவில்லை. அப்பா மூல ஜாதகத்தில் நீல மையில் அந்தப் பத்து எண்களையும் எழுதி, ஐம்பது ஜெராக்ஸ் எடுத்தார். பல்லடத்துத் தரகர், தாராபுரத்தில் ஒரு திருமணத் தகவல் மையம், சோமனூர் மாமா, கோயிலில் பழக்கமானவர்கள் என்று எல்லாரிடமும் கொடுத்தார். அவர்கள் அதை மறுபடி ஜெராக்ஸ் எடுத்தார்கள். என் நட்சத்திரமும் ராசியும் சம்பளமும் யார் யார் பீரோவில் கிடக்கின்றன என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். போன் தொலைந்தால் வேறு வாங்கலாம். நம்பர் போனால் ஐம்பதும் அதன் குட்டிகளும் வெறும் காகிதம்.

"நம்பரு மட்டும் செத்துப்போகக் கூடாது சாமி. அதப் பாத்துக்கறது உன்ற பொறுப்பு" என்று அப்பா என்னிடம் சொன்னார்.

நான்தான் படித்தவள், பத்தாவது வரை. அதனால் என் மாப்பிள்ளைக்கான நம்பரை நானே உயிரோடு வைத்திருக்க வேண்டியதாயிற்று. இதைவிடக் கேவலம் ஒன்று இருக்குமா என்று அப்போது வயிறு எரிந்தது. எனக்கு இருபத்தேழு முடிந்திருந்தது. ஏழெட்டுப் பேர் வந்து கேசரி தின்றுவிட்டுப் போயிருந்தார்கள்.

ஆயுள் முழுக்க இன்கமிங் என்று கார்டு விற்கும் காலம் அதற்குப் பிறகு வந்தது. நான் சொல்லும் காலத்தில் மாதா மாதம் பெரிய கார்டாகப் போட வேண்டும். சின்னக் கார்டு போட்டால் பேசக் காசு ஏறும், நாள் ஏறாது. எங்களுக்கு வேண்டியது நாள் மட்டும். பேசாமல் கிடந்த காசு தேதி முடிந்தால் செல்லாமல் போய்விடும். ஒரு வார்த்தை பேசாத போனுக்கு ஒரு நாள் சம்பளத்துக்கு மேலே மாதா மாதம் அழுதுகொண்டிருந்தேன். மூன்றாவது மாதம் ரீசார்ஜ் கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன்.

அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எங்கள் கம்பெனிக்கு எதிர்ச் சந்தில் கடை. கோபப்படவில்லை, சிரித்தார்.

"எம்மா, நீங்க பேசவே மாட்டீங்கள்லா, கூப்பிட்டா எடுத்தாப் போதும். அப்ப தேதி முடிஞ்ச உடனே ஏன் ஓடி வாரீங்க? முடிஞ்சதுக்கு அப்புறமும் பதினஞ்சு நாளு கிரேஸ் உண்டு. நீங்க யாரையும் கூப்பிட முடியாது, உங்களக் கூப்பிடலாம். அந்த பதினஞ்சையும் முழுசாத் தின்னுட்டு, கடைசி நாளு வந்து போடுங்க. அதுக்கு மேல ஒரு நாளு தள்ளுனாலும் நம்பர் போயிரும், பாத்துக்கிடுங்க."

அன்றிலிருந்து நான் கெட்டிக்காரியாகிவிட்டேன். தினசரிக் காலண்டரில் கிரேஸ் முடியும் தாளை முன்கூட்டியே மடித்து வைத்துக்கொள்வேன். ஒரு நாள் முன்னால் போட்டால் ஒரு நாள் நஷ்டம் என்று, சரியாக அந்தக் கடைசி நாளில்தான் போய்க் கார்டு வாங்குவேன். பன்னிரண்டு கார்டு ஆகிற இடத்தில் எட்டே கார்டில் வருடத்தை ஓட்டினேன். அப்பா வந்தவர் போனவரிடமெல்லாம் என் சாமர்த்தியத்தைச் சொன்னார். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். ஆனால் அந்தப் பதினைந்து நாளும் இருப்புக்கொள்ளாது. வேனில் போகும்போது, பீஸ் புரட்டும்போது, இன்றைக்குத் தேதி என்ன, இன்றைக்குத் தேதி என்ன என்று மனசு அரித்துக்கொண்டே இருக்கும்.

போன் அடித்தால் அது வேறு விதமான அவஸ்தை. அம்மா கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு, கையை முந்தானையில் துடைத்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு எடுப்பாள். சாயப்பட்டறையைத் தேடுகிற யாரோ ஒருவர் பேசுவார். அல்லது தரகர், "ஒண்ணு வந்துருக்குதுங்க, ஆனா நட்சத்திரம் சேரலீங்க" என்பார். சேரவில்லை என்றால் எதற்கய்யா கூப்பிடுகிறாய் என்று நான் பின்னாலிருந்து கத்துவேன். அம்மா போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு என்னை முறைப்பாள்.

இப்படி இருக்கையில்தான், தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு, பல்லடத்துக்கு அக்கட்டால் இருந்து ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. சொந்தமாக எட்டுத் தறி. பையன், அவருடைய அம்மா, ஒரு பெரியப்பா. நான் வழக்கம்போல எரிச்சலோடுதான் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அவர் கேசரியைத் தொடவில்லை, தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, யாரையும் எதிர்பார்க்காமல் எழுந்து, டம்ளரைத் தண்ணீர்த் தொட்டிக்குக் கொண்டுபோய்க் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அதற்குள் அவருடைய பெரியப்பா மழையைப் பற்றி ஏதோ பேச ஆரம்பித்துவிட்டார். அம்மாவும் அப்பாவும் அதைக் கவனிக்கவே இல்லை. நான் கவனித்தேன். நான் செக்கிங்காரி, என் கண் எதையும் விடாது.

அவர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "எந்நேரமும் நின்னுட்டே பாக்கோணுமா, இல்ல ஸ்டூல் இருக்குதுங்களா?"

"நின்னுட்டேதானுங்க" என்றேன்.

"காலு வலிக்குமே" என்றார்.

ஏழெட்டுப் பேரில் ஒருத்தன்கூட என் காலைப் பற்றிக் கேட்டதில்லை. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. சொல்வதற்கு இப்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் பிடித்துவிட்டது. அன்று ராத்திரி அவர் வீட்டுத் தறிச் சத்தம் எப்படி இருக்கும் என்றெல்லாம் யோசித்தேன்.

கிளம்பும்போது அவருடைய அம்மா என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்களுக்குத் திருப்திங்க. கோயில்ல பூ வாக்கு மட்டும் கேட்டுப்போட்டு, நோம்பி கழிச்சு ரெண்டு நாள்ல நாங்களே போன் பண்றமுங்க."

நோம்பி என்றால் தீபாவளி. பூ வாக்கு என்றால், வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பார்ப்பது. நினைத்த பூ வந்தால் சம்மதம். வேண்டாம் என்று சொல்ல நினைக்கிறவர்களுக்கும் அது வசதி. "சாமி பூக் குடுக்கலீங்க" என்றால் யார் மனசும் நோகாது. இதற்கு முன்னால் இரண்டு பேர் எங்களிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல ஒருவருக்கும் நாக்கு வராது.

அவர்கள் போனதும் காலண்டரைப் பார்த்தேன். தீபாவளி கழிந்து இரண்டாவது நாள் தாள் மடிக்கப்பட்டிருந்தது. கிரேஸ் முடியும் நாள்.

தீபாவளிக்கு முந்தின நாள் மதியம் கம்பெனியில் போனஸ் கொடுத்து அனுப்பினார்கள். நேரே ரீசார்ஜ் கடைக்குப் போனேன். கூட்டம். வரிசையில் நின்றுகொண்டிருக்கும்போதே என் கெட்டிக்காரத்தனம் தலைதூக்கியது. இன்னும் மூன்று நாள் கையில் இருக்கிறதே, இன்றைக்கே போட்டு எதற்கு மூன்று நாளை வீணாக்க வேண்டும் என்று தோன்றியது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பை, ஜிப் மூடாமல், மடித்த வேட்டி தெரிய நின்றது. அதைப் பார்த்தேன். பார்த்தும் மண்டையில் ஏறவில்லை. வரிசையிலிருந்து விலகி வந்து, அம்மாவுக்கு அரைக் கிலோ மிக்சர் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

உள்ளூர்க்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடிய புத்தி அது. திருப்பூரில் தீபாவளிக்குப் பிறகு கம்பெனி திறக்கும்வரை என்ன நடக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நோம்பி என்றால் நாங்கள் வீட்டில் கறி ஆக்கித் தின்று, ஒறம்பரை வந்த சொந்தக்காரர்களோடு உட்கார்ந்திருப்போம். அந்த நாட்களில் திருப்பூரில் போய் எதையும் வாங்கிப் பழக்கமில்லை.

மறுநாள் தீபாவளி. அதற்கடுத்த நாள் சோமனூர் மாமா குடும்பத்தோடு வந்துவிட்டார், நகர முடியவில்லை. மூன்றாம் நாள் காலை, கடைசி நாள், போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

"போன எடுத்துட்டுப் போறயே, அவிய கூப்புட்டா?" என்று அம்மா வாசல்வரை வந்தாள்.

"கூப்புட்டா நானே பேசிக்கறேன்."

"பொண்ணே எடுத்துப் பேசுனா நல்லாவா இருக்கும்?"

"அப்ப உன்ற கொரல்ல பேசறேன், போம்மா."

பஸ்ஸில் என்னோடு ஐந்தாறு பேர்தான். கண்டக்டர் சீட்டைக் கிழித்துக்கொண்டே கேட்டார். "இன்னிக்குத் திருப்பூர்ல யாரப் பாக்கப் போறீங்க? ஊரே ஊருக்குப் போயிருச்சுங்களே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பையும் வேட்டியும் ஞாபகம் வந்தன.

சந்துக்குள் போனேன். ஷட்டர். அதில் சாக்பீஸால் பத்து நாள் கழித்துக் கடை திறக்கும் என்று எழுதியிருந்தது. பக்கத்து டீக்கடை ஷட்டர். எதிரில் இருந்த பேக்கரி, பட்டன் கடை, மெஸ், எல்லாம் ஷட்டர். மற்ற நாட்களில் அந்த ரோட்டைக் கடக்க ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். அன்றைக்கு நடு ரோட்டில் ஒரு நாய் மல்லாக்கப் படுத்துத் தூங்கியது. தெற்கேயிருந்து வந்தவர்கள் நடத்துகிற ஊரில் தெற்கத்திக்காரர்கள் ஊருக்குப் போய்விட்டால் என்ன மிஞ்சும்? வெடித்த பட்டாசுக் காகிதம்தான் மிஞ்சும். என்னையே நான் திட்டிக்கொண்டு நடந்தேன். மூணு நாளு மிச்சம் பண்ணினியே, தின்னு இப்ப.

பழைய பஸ் ஸ்டாண்டுவரை நடந்தேன். புதுச் செருப்பு குதிகாலைக் கடித்தது. ஸ்டாண்டுக்குள் ஒரே ஒரு கடை திறந்திருந்தது. அவரிடம் வேறு கம்பெனிக் கார்டு மட்டும்தான் இருந்தது. "இது போட்டா ஆகாதுங்களா?" என்று கேட்டேன். ஆகாது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் கேட்டேன். அவர் பாவம் பார்த்துத் தலையை ஆட்டினார்.

பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை போனை எடுத்துப் பார்த்தேன். அவர்கள் கூப்பிட வேண்டிய நாளும் அன்றைக்குத்தானே. இப்போதே கூப்பிட்டுவிடக் கூடாதா, உயிர் இருக்கும்போதே கூப்பிட்டுவிடக் கூடாதா என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் நின்ற அம்மாள் என்னைப் பார்த்து நகர்ந்து நின்றுகொண்டார்.

பல்லடம் பஸ் நின்றுகொண்டிருந்தது. பல்லடத்தில் தறிக்காரர்களும் கோழிக்காரர்களும் உள்ளூர்க்காரர்கள், அவர்கள் எங்கேயும் போயிருக்க மாட்டார்கள் என்று புத்தி வந்தது. ஏறிவிட்டேன். அங்கே இறங்கியபோது மணி இரண்டு. மூன்று கடையில் இல்லை. நான்காவது, நால்ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடை. மாத்திரை அட்டைகளுக்கு நடுவே கார்டு தொங்கியது. எங்கள் சிம் கம்பெனி, எனக்கு வேண்டிய பெரிய கார்டு, ஒன்றே ஒன்று.

வாங்கிக் கடை வாசலிலேயே காசால் சுரண்டினேன். சுரண்டின வேகத்தில் மசியோடு சேர்த்து ஓர் எண்ணின் பாதியையும் சுரண்டிவிட்டேன். மூன்றா எட்டா என்று தெரியவில்லை. தப்புத் தப்பாக அடித்தால் கார்டு பூட்டிக்கொள்ளும் என்று கேள்விப்பட்டிருந்தேன். மருந்துக் கடைக்காரர் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு கார்டை வெயிலில் சாய்த்துப் பார்த்தார். "மூணாட்டத் தெரியுதுங்க" என்றார். மூன்று அடித்தேன். தவறான எண் என்றது ஒரு பெண் குரல். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எட்டு அடித்தேன். ஏறிவிட்டது.

அப்படியும் நம்பிக்கை வரவில்லை. எதிரே இருந்த ஒரு ரூபாய் போன் பெட்டிக்குப் போய், என் நம்பரை நானே அடித்தேன். பைக்குள் போன் அலறியது. எடுத்துக் காதில் வைத்து "ஹலோ" என்றேன். இன்னொரு காதில் என் குரலே கேட்டது. நடு ரோட்டில் இரண்டு காதிலும் போனை வைத்துக்கொண்டு சிரித்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

"போட்டாச்சா?" என்று வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "போட்டாச்சு" என்றேன். விடியற்காலையிலிருந்து அந்த நிமிடம் வரை போன் ஒரு விநாடிகூடச் சாகவில்லை.

அன்றைக்கு அழைப்பு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பெரிய குடும்பம், ஒறம்பரை இருக்கும் என்றாள் அம்மா. நான்காம் நாள் கம்பெனி திறந்தது. மாலை வேனை விட்டு இறங்கியதும் ஓடுவேன். வாசலில் உட்கார்ந்திருக்கும் அம்மா நான் கேட்பதற்கு முன்பே உதட்டைப் பிதுக்குவாள். ஒரு வாரம் போயிற்று. மேசையில் ஓட்டையுள்ள பீஸ்களை நல்ல பீஸ் பக்கம் தள்ளிவிட்டு சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன். பத்தாம் நாள் எனக்கு விளங்கிவிட்டது. அவர்கள் கூப்பிடப் போவதில்லை. பூக் கொடுக்கவில்லை என்று சொல்லக்கூட.

எனக்கு நெஞ்சு வலித்தது. அதைத் தாங்கிக்கொள்ளலாம், பழக்கம்தான். அம்மாவைத்தான் பார்க்க முடியவில்லை. பிசிறு மூட்டை பிரிக்காமல் கிடந்தது. போனைக் காதில் வைத்து வைத்து எடுத்தாள். "அன்னிக்கு கேசரீல சக்கரை கம்மியாப் போச்சோ" என்றாள். "அந்தம்மா உக்காந்த பாயி ஓரம் பிரிஞ்சிருந்துச்சு, நான் மாத்திப் போட்டிருக்கோணும்" என்றாள். ஒரு சாயங்காலம், "பெத்தவ நான் கருப்பு, அதுதான் உனக்கும் வந்துருச்சு" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அப்போதுதான் என் வாயில் அந்தப் பொய் வந்தது.

"அம்மா, அன்னிக்குக் கார்டு போட்டேன்னு சொன்னது பொய். மூணு நாளு மிச்சம் பண்ணலாம்னு தள்ளிப்போட்டேன், கடைசி நாளு ஒரு கடைகூட இல்ல. நம்பரு நாலு நாளு செத்துத்தான் கெடந்துச்சு. அப்பறம் கடைக்காரரு வந்து சிம் கம்பெனிக்குப் பேசி உசுரு குடுத்தாரு."

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். என்னை அடிக்க வந்தாள், கையிலிருந்த துணியை என் மேல் வீசினாள், கெரகம் புடிச்சவளே என்றாள், மூணு நாளு மிச்சம் பண்ணி வாழ்க்கையத் தொலைச்சுட்டயே என்றாள். திட்டத் திட்ட அவள் முகத்தில் ரத்தம் ஏறுவதைப் பார்த்தேன். பத்து நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள். திட்டிக்கொண்டேதான் சாப்பிட்டாள். நான் செய்தது நல்ல காரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பாவை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். "நாம் பண்ணுன தப்புக்கு அவிய என்ன பண்ணுவாங்க? நேருல போயி வெவரத்தச் சொல்லிட்டு வந்தர்றேன்."

பெண் வீட்டுக்காரர் தானாகப் போய்க் கேட்பது எங்கள் பக்கத்தில் இல்லாத வழக்கம். என் அப்பா இன்னொருவர் வாசலில் போய் நிற்கும் ஆளே அல்ல. எனக்குப் பதறியது. "வேண்டாமுங்கப்பா, நல்லா இருக்காது" என்று முன்னால் போய் நின்றேன். உண்மையைச் சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று உதைத்தது. அம்மா அதற்குள், "நீ பண்ணுன வேலைக்கு வாயத் தொறக்காத" என்று என்னைத் தள்ளிவிட்டாள். அப்பா கிளம்பிவிட்டார். அன்று முழுக்க நான் உட்காரவில்லை. வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தேன். அவரை என்ன சொல்லி அனுப்புவார்கள், வாசலிலேயே நிற்க வைத்துவிடுவார்களா என்று நினைக்க நினைக்க என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

நான்கு மணிக்கு வந்தார். முகம் அழுதவர் முகம்போல இருந்தது, ஆனால் நிமிர்ந்து நடந்து வந்தார்.

"என்ன மருவாதிங்கற" என்று அம்மாவிடம் ஆரம்பித்தார். "உள்ள கூட்டிட்டுப் போயி உக்கார வெச்சு, காப்பி குடுத்து, சாப்புட்டுட்டுத்தான் போகோணும்னு ஒரே புடி. நான் வெவரத்தச் சொன்னேன். நம்பரு நாலு நாளு செத்துக் கெடந்துச்சுங்க, நீங்க கூப்புட்டிருந்தா கெடச்சிருக்காதுங்கன்னு. அந்தம்மா ஒரு நிமிசம் ஒண்ணுஞ் சொல்லுல. அப்பறம், ஆமாங்க, நாங்க கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்தமுங்க, கெடைக்கவே இல்லீங்க, உங்களுக்கு விருப்பமில்லையாட்ட இருக்குதுன்னு நெனச்சுப்போட்டமுங்க, அதுக்குள்ள வேற எடம் தெகஞ்சிருச்சுங்க அப்படின்னு கையெடுத்துக் கும்புட்டுச்சு."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்பப் புடிச்சுத்தான் இருந்திருக்குது."

"புடிக்காம? நம்ம புள்ளைய யாருக்குப் புடிக்காது?" அப்பாவின் குரல் உடைந்தது. "பையன்தான் வெளிய தலையே காட்டுல. பாவம், அவனுக்கும் சங்கட்டமா இருந்திருக்கும்."

அம்மா அழுதாள். அழுகையோடு சிரித்தாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி, "நாலு நாளும் விடாமக் கூப்புட்டிருக்காங்க" என்றாள்.

நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் கூப்பிடவில்லை என்று இந்த உலகத்தில் அவர்களைத் தவிர எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். என் அப்பா வெள்ளைச் சட்டையோடு எதிரே வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அந்தம்மா ஒரு நிமிடம் திகைத்திருக்கிறார். அந்த ஒரு நிமிடத்தில் என் பொய்யையே எடுத்து என் அப்பாவின் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நன்றியும் வந்தது.

அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"ஏஞ் சாமி" என்றார், "இத்தனை மாசம் ஒரு நாளு தவறாமப் பாத்தயே. நோம்பிக்குக் கடை இருக்காதுங்கறத மட்டும் எப்படிச் சாமி மறந்தே?"

காலையிலிருந்து வைத்திருந்த உண்மை நாக்கு நுனிவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். தன் பெண்ணை ஒரு வீட்டில் ஆசைப்பட்டுக் கேட்டார்கள் என்ற நிம்மதி அதில் அப்படியே இருந்தது. ஏழெட்டுப் பேர் வந்துபோன வீட்டில் அவருக்கு முதல் தடவையாகக் கிடைத்தது அது.

"மறந்துட்டனுங்கப்பா" என்றேன்.